எட்டு நிமிடத்தில் முடிந்த தேனீப் பாடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த சங்கதி. அந்தக் கோபத்தால் நான் கெட்டது பல தடவை, பிழைத்தது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், ஓசூர்ப் பக்கம் ஓர் ஊரில், பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் நாகரசம்பட்டி. எங்களுக்கு மாந்தோப்பு இருந்தது, கொஞ்சம் புன்செய் இருந்தது, படித்த பெண் மட்டும் எங்கள் வீட்டில் அதுவரை இருந்ததில்லை. எட்டாவது தேறியதும் நான்தான் அடம்பிடித்து, இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்து, அப்பாவிடம் அனுமதி வாங்கினேன். அப்பா லேசுப்பட்டவர் அல்ல. பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பஸ் ஏற்றும்போதே கணக்கைத் தீர்த்துவிட்டார்.

"நீ பாஸ் பண்ணிட்டு வந்தா சின்னவளையும் அனுப்பறன். ஃபெயிலானீன்னா ரெண்டு பேரும் தோப்புல காக்கா ஓட்டுங்க. அப்புறம் என்னக் கேக்கக் கூடாது."

சின்னவள் என்பது என் தங்கை. அவள் அப்போது ஆறாவது முடித்திருந்தாள். குருபரப்பள்ளி தாண்டும் வரை எனக்கு வெளியே பார்க்கவே தோன்றவில்லை. என் படிப்பை மட்டும் சுமந்துகொண்டு போகிறேன் என்று நினைத்திருந்தேன். அவளுடையதையும் சேர்த்து என் தலையில் வைத்துவிட்டாரே என்று அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது.

பயிற்சிப் பள்ளியை ஒட்டியே ஒரு சின்ன மாதிரிப் பள்ளி இருந்தது. நாங்கள் பாடம் நடத்திப் பழகுவதற்காகவே அந்தப் பிள்ளைகள். பெரும்பாலும் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள், கொஞ்சம் கன்னட வீட்டுப் பிள்ளைகள். தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான். எங்களுக்குப் பாடம் நடத்தும் முறையைச் சொல்லிக் கொடுத்தவரை 'மெத்தட் டீச்சர்' என்போம். நல்ல மனுஷி, ஆனால் கடிகாரத்தை விழுங்கியவர். பாடக் குறிப்பு நோட்டில் நிமிடக் கணக்குப் போட்டு எழுத வேண்டும். ஆயத்தக் கேள்வி ஐந்து நிமிடம், படம் காட்டுவது ஏழு நிமிடம், கதை இத்தனை, பாட்டு இத்தனை என்று நாற்பது நிமிடத்தையும் கூறு போட்டுவிட வேண்டும். குரல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். கரும்பலகையில் எழுத்து சாயக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் வகுப்பில் ஆசிரியர் வாயிலிருந்து தமிழைத் தவிர வேறு பாஷை ஒரு வார்த்தை வரக் கூடாது. வந்தால் குற்றம்.

இரண்டு வருஷத்தில் குரல் எழுப்பக் கற்றுக்கொண்டேன், படம் வரையக் கற்றுக்கொண்டேன். பிள்ளைகள் பேசினால் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று மட்டும் எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்று எனக்கும் தோன்றவில்லை.

மாதிரிப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வருஷா வருஷம் எங்களைப் போன்றவர்கள் வந்து வந்து போனதில் அவர்கள் கரை கண்டிருந்தார்கள். எங்களை எடை போடுவார்கள். மூன்றாம் வகுப்பில் முன்வரிசையில் ஒருத்தி, இரட்டைச் சடை, மூக்குக் குத்திய துளையில் சின்னதாய் வேப்பங்குச்சி. அந்த வகுப்பில் என் முதல் பாடம் முடிந்ததும் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், படத்த மொதல்லயே காட்டிட்டீங்க. கேள்வி கேட்டுட்டுதான் காட்டணும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. நோட்டைத் திறந்து பார்த்தேன், அப்படித்தான் எழுதியிருந்தது.

கடைசிச் செய்முறைப் பரீட்சைக்கு ஐந்தே பாடங்கள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் தேனீப் பாடம் விழுந்தது. எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது, எழுதாத சட்டம் மாதிரி. பரீட்சைக்கு முந்தைய வாரம் அதே வகுப்பில், அதே பாடத்தை, ஒவ்வொருத்தியும் முறை வைத்து ஒத்திகை பார்ப்பது. பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பொரிகடலைப் பொட்டலத்தோடு போவோம். பிள்ளைகளும் சலிக்காமல் உட்காருவார்கள். அந்த வாரத்தில் மட்டும் அந்த மூன்றாம் வகுப்பு தேனீயைப் பத்துத் தடவைக்கு மேல் கேட்டிருக்கும். தேனீக்களுக்கே இவ்வளவு தெரிந்திருக்காது.

பரீட்சைக்கு முந்தைய நாள் கெலமங்கலத்தில் சந்தை. விடுதிக்குக் காய் வாங்க இரண்டு பேராகப் போனோம். அங்கே ஒரு சாக்கின் மேல் அவரைக்காயைக் குவித்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நம் இரட்டைச் சடைக்காரி. சந்தோஷமாகக் குனிந்து, "என்னம்மா, இன்னிக்கு அவரக்கா எப்படி? கொட்ட பெருசா இருக்குதா?" என்று கேட்டேன்.

அவள் விருட்டென்று எழுந்து நின்றாள். கையைக் கட்டினாள். என்னைப் பார்த்துக் கணீரென்று சொன்னாள்: "தேனீ சுறுசுறுப்பானது, டீச்சர்."

அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்துக் கடைக்காரியிடம் தெலுங்கில் ஏதோ பெருமையாகச் சொன்னார். மகள் தமிழ் பேசிவிட்டாள் என்றுதான் இருக்க வேண்டும். எனக்கு ஒரு கை அவரைக்காய் கூடுதலாக அள்ளிப் போட்டார். அதை வாங்கிக்கொண்டு வந்தேனே தவிர, வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

விடுதிக்குத் திரும்பியதும் மெத்தட் டீச்சரிடம் போய் நின்றேன்.

"அந்தப் புள்ளைக்குத் தமிழ் வரல டீச்சர். நம்ம பாடந்தான் வருது."

அவர் பரீட்சைப் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மொதல்ல நீ கரையேறும்மா. அப்புறமா ஊர உலகத்தத் திருத்தலாம்" என்றார்.

மறுநாள் காலை தேர்வாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தலைப்பாகையும் கோட்டுமாக வந்த பெரியவர். இன்னொருவர் சேலத்திலிருந்து வந்த அம்மையார். இருவரும் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மெத்தட் டீச்சர் அவர்களுக்குப் பக்கத்தில். நான் நோட்டைக் கொடுத்துவிட்டு, வணக்கம் சொல்லி, ஆயத்தக் கேள்வியைத் தொடங்கினேன்.

"குழந்தைகளே, இனிப்பான பொருள்கள் சிலவற்றின் பெயரைச் சொல்லுங்கள்."

"தேன்!" என்றது வகுப்பு முழுவதும். வெல்லம், கரும்பு என்று நான்கு பதில் வந்த பிறகுதான் தேன் வர வேண்டும். நான் இரண்டாவது கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் இரட்டைச் சடைக்காரி எழுந்து, "தேனைத் தேனீக்கள் சேகரிக்கின்றன" என்றாள். அது நான்காவது கேள்விக்கான பதில். அடுத்தவன் ஐந்தாவது பதிலைச் சொன்னான். அதற்கடுத்தவள் கதையின் முடிவைச் சொன்னாள். படம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று ஒருத்தி தானே வந்து சுருள் படத்தை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். அதைப் பார்த்ததும் மொத்த வகுப்பும் பாட்டைப் பாடி முடித்தது. கடைசியாக ஒரு பையன் பொறுப்பாக எழுந்து, "இதை எல்லாரும் வீட்டில் எழுதி வாருங்கள்" என்று வீட்டு வேலையும் கொடுத்து உட்கார்ந்தான்.

எட்டே நிமிடம். எனக்கு உதவி செய்கிறோம் என்று மனதார நம்பி, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் பார்த்தேன். தலைப்பாகைக்காரர் மீசைக்குள் சிரிக்கிறாரா இருமுகிறாரா தெரியவில்லை. மெத்தட் டீச்சர் கூரையில் ஓடு எண்ணிக்கொண்டிருந்தார். இன்னும் முப்பத்திரண்டு நிமிடம் இருந்தது. என் தங்கை மாந்தோப்பில் காக்காய் ஓட்டுவது கண்முன் தெரிந்தது. அப்போதுதான் வந்தது கோபம். பிள்ளைகள் மேல் இல்லை. பொரிகடலை மேல், நோட்டின் மேல், முக்கியமாக என் மேல். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். மட்டுதான். அந்தப் படத்தைச் சுருட்டி மூலையில் கடாசிவிட்டு, "சரி, பாடம் முடிஞ்சுது. நேத்து சந்தைக்கு யார் யாரெல்லாம் போனீங்க?" என்று கேட்டேன்.

வகுப்பு கப்சிப். இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. நாற்பது கண்ணும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தன. மறுபடி கேட்டேன். இரட்டைச் சடைக்காரியின் வாய் 'தே' என்று தொடங்கப் பார்த்தது. "தேனீ வேணாம்மா!" என்றேன்.

பிறகு செய்யக் கூடாததைச் செய்தேன். தெலுங்கில் கேட்டேன்.

எனக்குத் தெரிந்த தெலுங்கு எங்கள் தோப்பில் காய் பறிக்க வந்தவர்களிடம் கற்றது. ஏறு, இறங்கு, கிளையை ஒடிக்காதே, கூடையைக் கொண்டா. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு சந்தையை விசாரித்தால் எப்படி இருக்கும்? சந்தையிலிருந்து கூடையோடு கீழே இறங்கு என்பது போல ஏதோ வந்து விழுந்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையிலிருந்து உருண்டே விட்டான். நாலு பேர் எழுந்து எனக்குத் திருத்திச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் திருப்பிச் சொன்னேன், அதுவும் தப்பு. மறுபடி சிரிப்பு.

"நல்லா சிரிச்சாச்சா? இப்ப நீங்க தமிழ்ல தப்புத் தப்பாப் பேசுங்க. நான் சிரிக்கறன்" என்றேன்.

சாக்பீஸ் டப்பா, என் செருப்பு, பலப்பம், சிலேட்டு எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். இரட்டைச் சடைக்காரியை நடுவில் உட்கார வைத்தேன். "இதான் அவரக்கா. வாங்க வர்றவங்களுக்குத் தமிழ் மட்டுந்தான் தெரியும். நீ வித்துக்காட்டு." ஒருத்தி வந்தாள், ஒருவன் வந்தான். தமிழும் தெலுங்குமாய்க் கலந்து, தடுக்கி, கையைக் காட்டி, தலையை ஆட்டிப் பேரம் தொடங்கியது. நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் வகுப்பறையில் நான் வாயை மூடியது அன்றுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துத் தலைப்பாகைக்காரர் எழுந்து வந்தார். குனிந்து ஒரு பலப்பத்தை எடுத்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

"காய் முத்தலா இருக்கும் போல இருக்கே" என்றார்.

இரட்டைச் சடைக்காரி அவர் கையிலிருந்து வெடுக்கென்று அதைப் பிடுங்கினாள். "அமுக்காதீங்க பெரியவரே! வாங்கறதுன்னா வாங்கு, இல்லாட்டி போ! எல்லாரும் அமுக்கி அமுக்கி எங்கம்மா காயெல்லாம் வாடிப்போச்சு!"

பாதி மரியாதை, பாதி இல்லை. ஆனால் அத்தனையும் அவளுடைய தமிழ். எந்தப் பாடத்திலும் வராத தமிழ். சந்தோஷத்தில் அழுகை வரும் என்பார்களே, அது உண்மைதான்.

மணி அடித்ததும் அவர் என்னை அழைத்துப் பாடக் குறிப்பு நோட்டைப் புரட்டினார். "சந்தை இதிலே எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

"இல்லீங்க ஐயா."

"தெலுங்கு?"

"அதுவும் இல்லீங்க."

ஏதோ எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டி ஊருக்கு வந்தேன்.

அந்தக் கோடையில் மாங்காய் நன்றாகக் காய்த்திருந்தது. எனக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை. தங்கை எட்டாவது தேறியிருந்தாள். என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசம். ஒரு நாள் தபால் வந்தது. 'தேறினாய்' என்றிருந்தது. கூடவே, 'பாடக் குறிப்பைப் பின்பற்றவில்லை' என்று ஒரு வரி. அப்பாவுக்கு முதல் வரியை மட்டும் படித்துக் காட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, சின்னவளுக்கு ஒரு பெட்டி வாங்கணும்" என்று மட்டும் சொன்னார். தங்கை மாட்டுக்கொட்டகைக்குள் ஓடிப் போய் அழுதாள். நானும் பின்னாலேயே போய் அழுதேன். மாடு இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தின்னத் தொடங்கியது.

தங்கையும் அதே பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். நான் வேலையில் சேர்ந்திருந்தேன். அந்தப் பொங்கலுக்கு இருவரும் ஊருக்கு வந்திருந்தபோது, வந்ததும் வராததுமாய் என் மேல் பாய்ந்தாள்.

"அக்கா, நீ என்ன பண்ணி வெச்சுட்டு வந்தே? மெத்தட் டீச்சர் இப்ப எங்க எல்லாரையும் பாடக் குறிப்புல எழுதச் சொல்றாங்க. சந்தை விளையாட்டு, பன்னெண்டு நிமிஷம்னு."

"ஐயோ!" என்றேன்.

"அதுகூடப் பரவால்ல. போன வாரம் நான் நடத்தினேன். எல்லாம் சரியாப் பண்ணினேன். முடிச்சதும் அந்த ரெட்டச் சடப் புள்ள வந்து காதுல சொல்லுது, 'டீச்சர், மறந்துட்டீங்க. சந்தைக்கு முன்னாடி நீங்க படத்தத் தூக்கிப் போடணும். அப்புறம் தெலுங்கத் தப்பாப் பேசணும். நாங்க சிரிப்போம்'னு."

நான் சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. அவளும் முதலில் முறைத்தாள், பிறகு என்னோடு சேர்ந்துகொண்டாள். அப்பா எட்டிப் பார்த்து, "படிக்க அனுப்புனா ரெண்டுக்கும் பைத்தியம் புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரித்து ஓய்ந்ததும் தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வெளையாட்டு இல்லக்கா. எனக்கும் அங்கதான் பரீட்சை வரும். தேனீயும் தெரியுது அதுங்களுக்கு, சந்தையும் தெரியுது. நான் போயி என்னத்தச் செய்ய?"

யோசித்துப் பார்த்தேன்.

"தெரியலடி" என்றேன். "எனக்கும் அன்னிக்கு அங்க நிக்கறப்போ தெரியல."