ரோட்டுக்குக் கீழே ஒரு வீடு

இதை எழுதுகிறவன் வசந்தாவோடு முதன்முதலில் பேசியது, அவள் வீட்டு வாசல் நிலையில் தன் தலையை இடித்துக்கொண்ட அன்று. வேலை கிடைத்து நெல்லித்தோப்பில் மாடி அறை எடுத்த புதிது. ரோட்டோரம் அவளிடம் வாங்கிய பஜ்ஜிக்குச் சில்லறை கொடுக்கப் போனவன், ரோட்டிலிருந்து அந்த வீட்டுக்குள் இறங்க வேண்டும் என்பதைக் கவனிக்கவில்லை.

"காலேஜி முடிச்ச புள்ளன்னாங்க, குனிஞ்சு வரத் தெரியலியே" என்று சிரித்துக்கொண்டே நெற்றிக்கு ஈரத்துணி கொண்டுவந்தாள்.

ஒரு காலத்தில் அது ஏறிப் போகிற வீடு. மில்லில் வேலை பார்த்த ராஜாங்கம் அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது வாசலில் மூன்று படி இருந்தது. அடியிலிருந்த படிக்கு அவனே சிவப்பு சிமெண்ட் பூசினான். மில்லில் சங்கு ஊதியதும் தெருவை அடைத்துக்கொண்டு சைக்கிள்கள் வரும். அவனுடைய கூட்டாளி சக்கரபாணி சைக்கிளை விட்டு இறங்காமலே அந்தச் சிவப்புப் படியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பேசுவான்.

"உள்ள வாங்கண்ணே."

"நேரமாச்சு தங்கச்சி, கெளம்பறேன்" என்பான். விளக்கு வைத்த பிறகும் அந்தக் கால் படியை விட்டு நகராது.

மில்லை மூடினார்கள். ராஜாங்கமும் போய்ச் சேர்ந்தான். ரோடு மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. பழைய தாரின் மேலேயே புதுத் தார். போடும்போதெல்லாம் ஒரு படி உள்ளே போகும். கடைசியில் வாசலே பள்ளமாகிவிட்டது. வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிக்கொண்டார்கள். எதிர்ப்பக்க மளிகைக் கடை ஆதிலட்சுமி கடன் வாங்கித் தரையை உயர்த்தினாள். ரோட்டோரம் பஜ்ஜி போட்டுப் பிழைத்த வசந்தாவால் மழைக்கு மணல் மூட்டை அடுக்கத்தான் முடிந்தது. அதையும் தாண்டித் தண்ணீர் கட்டில் கால்வரை வந்துவிடும்.

அப்படியொரு மழையில்தான் அடியிலிருந்த சாக்கடைக் குழாய் உடைந்து, நடு ரோடு உள்வாங்கியது. தெருவின் இரண்டு முனையையும் தகரத்தால் அடைத்தார்கள். பஜ்ஜி வாங்க ஆள் இல்லை. ஆனால் வண்டிச் சத்தம் அடங்கியதும் பழைய தெரு திரும்பி வந்தது போலிருந்தது. இந்த வீட்டிலிருந்து எதிர்வீட்டோடு குரலை உயர்த்தாமல் பேச முடிந்தது. மார்கழியில் ரோட்டின் முழு அகலத்துக்கும் கோலம் போட்டாள்.

"மில்லு ஓடின காலம் மாதிரியே இருக்குல்ல, ஆதி?"

"நீ ஒண்ணு யக்கா. நான் கல்லாவுல ஈ ஓட்டிக்கினு இருக்கேன், உனக்கு மில்லு கேக்குது."

குழாயை மாற்றி முடித்ததும் தார் வேலைக்கு ஹரிகிருஷ்ணன் என்ற இளம் இன்ஜினியர் வந்தார். புது ரோடு எவ்வளவு உயரம் வரும் என்று வீடு வீடாகச் சுவரில் மஞ்சள் கோடு போடச் சொன்னார். வசந்தா வீட்டில் கோடு ஜன்னலுக்குச் சற்றுக் கீழே விழுந்தது.

"பழச சுரண்டிட்டுப் போடுங்களேன் சார்."

"எஸ்டிமேட்ல அது இல்லம்மா. செலவு அதிகமாவும். மறுபடி மேல அனுப்பி அனுமதி வாங்கணும்னா, இன்னும் நாலஞ்சு மாசம் ரோடு மூடித்தான் கெடக்கும்."

"செலவு எங்க சார் கொறைஞ்சுது? ரோட்டுல கொறைச்சத எங்க வீட்டுல ஏத்திட்டீங்க."

அவர் கையிலிருந்த எஸ்டிமேட்டை மடித்தார். "தெருவே சேந்து எழுதிக் குடுங்க. நான் அனுப்பறேன். நீங்க ஒருத்தர் கேட்டா நடக்காது."

தெரு சேரவில்லை. ஆதிலட்சுமிதான் முதலில் பாய்ந்தாள். "உன் ஒரு வூட்டுக்காக நாங்கல்லாம் வயித்துல ஈரத்துணி போட்டுக்கணுமா யக்கா?"

"என் கடையும் சேந்துதானடி மூடிக் கெடக்குது."

"அது உன் இஷ்டம்."

மத்தியானம் பெயிண்ட் டப்பா எதிர்ச்சாரிக்குப் போனது. ஆதிலட்சுமியின் புதுத் தரைக்கும் மேலே, அரிசி மூட்டையின் இடுப்பு உயரத்தில் மஞ்சள் கோடு நின்றது. அவள் கல்லாவை விட்டு ஓடிவந்தாள்.

"யோவ், என்னாய்யா கோடு இது?"

"நீங்கதானம்மா சீக்கிரம் ரோட்டப் போடச் சொன்னீங்க" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"போடத்தான் சொன்னேன். என் கடைக்குள்ள போடவா சொன்னேன்?"

அன்று சாயங்காலமே அவள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். "வசந்தாக்கா அப்பவே சொன்னிச்சு, நீங்கதான் காதுல வாங்கல" என்று எல்லோரையும் ஒரு பிடி பிடித்தாள். வசந்தாவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும் பாடாக இருந்தது.

ஆனால் மனு மேலே போய்த் திரும்பி வரக் காத்திருந்த மாதங்கள் வசந்தாவிடம் இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே போயின. எண்ணெய்ச் சட்டி பரண் ஏறியது. லாஸ்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

சுரண்டும் இயந்திரம் வந்த அன்று லீவு போட்டு வாசலில் நின்றாள். கருப்புக் கருப்பாகத் தார் பெயர்ந்தது. மேல்படி வெளியே வந்தது, பிறகு நடுப்படி. சிவப்புப் படி வரவில்லை. அவ்வளவு ஆழம் போனால் புதுக் குழாய்க்கு ஆகாது என்றார்கள். அந்த இடத்தில் புதுத் தார் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கெட்டில் தண்ணீர் மொண்டுவந்து மற்ற இரண்டையும் கழுவினாள்.

ரோடு இப்போது திறந்திருக்கிறது. போன மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. பஜ்ஜிக் கடையை அவள் திரும்பப் போடவில்லை. அந்த இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. காலையில் டெம்போ ஏறி லாஸ்பேட்டை விடுதிக்குப் போகிறாள், வேலை முடிந்து சாயங்காலம் நெல்லித்தோப்புக்குத் திரும்புகிறாள்.