கடற்கரைப் பெண்ணுக்குச் சந்தனமாலை

பழைய காலண்டரில் வந்த பிரெஞ்சு ஓவியம் அது. கடலோரம் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒருத்தி நிற்கிறாள். முகம் என்று பார்த்தால் நாலைந்து தூரிகைத் தீற்றல்தான். கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. அதுவே அம்மாவுக்கு வசதியாகப் போயிற்று. "கல்யாணமான புதுசுல கோவளத்துல நான் இப்படித்தான் நின்னேன்" என்று எல்லாரிடமும் அடித்து விடுவாள்.

இதய ஆபரேஷனுக்கு முந்தின நாள் அதை என்னிடம் கொடுத்தாள். "ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டுடி. ஆஸ்பத்திரிலேருந்து வந்ததும் பாக்கணும்." வருவாளா என்ற பயம் இரண்டு பேருக்குமே இருந்தது.

தாம்பரம் மார்க்கெட் பக்கத்து ஃப்ரேம் கடைக்குப் போனேன். வழியெல்லாம் அழுதிருந்தேன். "அம்மாவுக்கு. சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "நல்லா பண்ணிடறேன்க்கா" என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

பேப்பர் சுற்றிக் கொடுத்ததை அப்படியே சேலையூருக்குக் கொண்டுவந்தேன். அம்மாதான் பிரித்தாள். படத்துக்குச் சந்தனமாலை! சட்டத்தின் கீழே குட்டியாகச் சிவப்பு பல்பு, ஒயர், பிளக். அழுத கண்ணோடு அவசரமாகப் படம் கொண்டுவருகிறவளுக்கு அந்தக் கடையில் வேறென்ன அர்த்தம்? செத்தவர்களுக்குச் செய்வதை, எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்குச் செய்து வாங்கி வந்திருக்கிறேன்.

போனில் அந்த ஆளைக் கிழிகிழியென்று கிழித்தேன். "ஐயோ, அம்மா உயிரோட கீறாங்களாக்கா?" என்று அலறினார்.

மாலையைப் பிய்க்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "விடு. பல்பு எரியுதான்னு பாரு."

மாட்டேன் என்று கத்தினேன். அவளே எழுந்து போய்ப் பிளக்கைச் சொருகினாள். எரிந்தது. "அப்பாடா, அந்த வேலை முடிஞ்சுது" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து ஏழு மாதம் ஆகிறது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த சுவிட்சை அம்மாதான் போடுகிறாள். புதிதாக வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, யார் என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

"நான்தான்" என்று சொல்லி, காபியை நீட்டுகிறாள்.