குலைக்குக் கீழே இரண்டு மட்டை

"அக்கா, கையை எடுங்க" என்று வனேசா சொல்வதற்குள் சீதாலெட்சுமி மூடியைத் தூக்கிவிட்டாள். மூடிக்கு அடியில் பதினெட்டு இருந்தது.

"பாத்தியா? பதினெட்டு! இதப் போயி பாக்காம விடச் சொல்றே."

"பாக்கக் கூடாதுன்னுதானே மூடி வெச்சேன்."

பிரிக்ஃபீல்ட்ஸில், கல்லூரிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் வடைக்கடை. மேசைமேல் ஒரு தாள். தாளில் ஒரு மரம். மரமென்றால் வேர் மேலே, கிளைகள் கீழே. மூன்று கிளை, கிளைக்கு மூன்று எண். ஒன்பது எண்களையும் ஒன்பது பிளாஸ்டிக் போத்தல் மூடிகள் மறைத்திருந்தன. மூடிகளைக் கொண்டுவந்தவள் சீதாலெட்சுமி. அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் கழித்துப்போட்டவை.

வனேசா இருபத்தாறு வயதுக்காரி. சீதாலெட்சுமிக்கு நாற்பத்தேழு. சனிக்கிழமை கம்ப்யூட்டர் டிப்ளோமா வகுப்பில் மூன்று வருடமாக ஒரே பெஞ்ச். வனேசா இந்தப் பாடத்தில் எப்போதோ தேறிவிட்டாள். இன்றைக்கு அக்காவுக்காக வந்திருக்கிறாள்.

"மறுபடி சொல்றேன்" என்றாள் வனேசா. "இது ஒரு ஆட்டம். மொதல்ல நீங்க மூணு கிளையில ஒண்ண எடுக்கறீங்க. அப்புறம் எதிராளி அந்தக் கிளையில இருக்கற மூணு நம்பர்ல ஒண்ண எடுத்து உங்களுக்குக் குடுப்பான். உங்களுக்குப் பெருசு வேணும். அவன் சின்னதத்தான் குடுப்பான். மொதல் கிளையில ஆறு, ஒம்பது, ஏழு. அங்க போனா என்னா கெடைக்கும்?"

"ஆறு."

"ஆறு கன்ஃபர்ம். இப்ப ரெண்டாவது கிளை. மொத மூடியைத் தூக்கினா நாலு. போதும். இந்தக் கிளைக்கு நீங்க போகவே மாட்டீங்க. மிச்சத்தப் பாக்க வேணாம். வெட்டிடுங்க. அதான் ஆல்ஃபா-பீட்டா ப்ரூனிங்."

"ஆனா பதினெட்டு இருந்துச்சே."

"இருக்கட்டும் லா. அவன் குடுக்க மாட்டான்."

"ஏன் குடுக்க மாட்டான்?"

"நாலு கையில இருக்கும்போது எவனாச்சும் பதினெட்ட எடுத்துக் குடுப்பானா?"

"மறந்துட்டான்னா?"

"மறக்க மாட்டான். அவன் கம்ப்யூட்டர்."

"நாமதான் கம்ப்யூட்டர்னு போன வாரம் சொன்னே."

வனேசா தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தாள். "ரெண்டு பேருமே, க்கா."

பரீட்சை இரண்டரை மணிக்கு. எழுத்துப் பரீட்சையில் சீதாலெட்சுமி மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி இதில் மட்டும் விழுந்திருந்தாள். இது மறுவாய்ப்பு, பாடம் எடுத்த பேசில் சாருக்கு எதிரே உட்கார்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். இதிலும் விழுந்தால் மூன்றாவது வாய்ப்புக் கிடையாது. மூன்று வருடச் சனிக்கிழமைகளும் போனது போனதுதான்.

அவள் பிறந்தது கேரி தீவில், எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். பள்ளியில் எஸ்பிஎம் தேர்வு முடித்துச் சில வருடம் அங்கும் இங்கும் இருந்துவிட்டு, இருபத்துமூன்று வயதில் தெலுக் பங்லிமா காராங்கில் மூடி செய்யும் தொழிற்சாலைக்குப் போனாள். அன்றிலிருந்து ஒரே வேலை. வெள்ளை விளக்குக்கு அடியில் பெல்ட் ஓடும். மூடிகள் வந்துகொண்டே இருக்கும். விளிம்பில் பிசிறு இருந்தால் எடுக்க வேண்டும், விரிசல் இருந்தால் எடுக்க வேண்டும். நின்றுகொண்டே பார்க்கும் வேலை. இருபத்துநான்கு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த எச்சரிக்கைக் கடிதம் ஒன்றே ஒன்று. ஒரு பெட்டியைப் பார்க்காமல் விட்டாள் என்று அதில் எழுதியிருந்தது. பார்த்தேன் என்று அவள் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

இப்போது குதிகாலில் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் பத்தடி வைப்பதற்குச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். நிற்பதைக் குறையுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். தொழிற்சாலையின் மேல்மாடியில் பதிவறை இருக்கிறது. அங்கே நாற்காலி உண்டு. இரண்டு திரைகளில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் கம்ப்யூட்டர் டிப்ளோமா வேண்டும். அங்கிருந்த பெண் பிரசவத்துக்குப் பிறகு வரப்போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இந்த மாதம் முடிவதற்குள் சான்றிதழ் விவரத்தைக் கொடுத்தால் இடம் உனக்கு என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவில் இந்தத் தலைகீழ் மரம் நின்றுகொண்டிருந்தது.

மரத்தைப் பற்றி அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். அதுவும் வனேசா சொல்லித் தெரிந்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கிள்ளானில் அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் நோட்டை விரித்து வைத்திருந்தாள். லோகன் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளுடைய கணவன், இருபத்தைந்து வருடமாகக் கேரி தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவன். அவள் படிக்கும் எதிலும் அவனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்ததில்லை. டேட்டாபேஸ் வாரத்தில் சோறு வடித்தான், நெட்வொர்க் வாரத்தில் துணி துவைத்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

"இன்னைக்கு என்னா?"

"ப்ரூனிங்."

லோகன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "ப்ரூனிங்கா? எங்க வேலை லா அது!"

முகம் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். தாளை எடுத்துப் பார்த்தான்.

"மரம் தலகீழா கெடக்கு."

"அப்படித்தான் போடுவாங்க."

"யாரு சொன்னா?" தாளைத் திருப்பி வைத்துக்கொண்டான். "இங்க பாரு. மட்டைய இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது. பழுக்கப் போற குலை இருக்கில்ல, அதுக்குக் கீழ ரெண்டு மட்டை விடணும். அதுக்கும் கீழ உள்ளது எல்லாத்தையும் வெட்டு. அந்த ரெண்டையும் சேத்து வெட்டினே, மரம் இளச்சுடும். அடுத்த குலை சூம்பிப் போயிடும். மேற்பார்வை பாக்கற மண்டோர் வந்து நின்னுகிட்டு கத்துவான்."

"ரெண்டா?"

"ரெண்டு. புதுசா வர்றவனுங்க எல்லாரும் பண்ற தப்பு இதான். மொட்டையா வெட்டிடுவானுங்க."

அவன் இவ்வளவு தெளிவாக எதையும் விளக்கி அவள் கேட்டதில்லை. நோட்டில் பேசில் சார் சொன்னதாக அவள் எழுதிவைத்திருந்த இரண்டு பக்கமும் அவளுக்கே விளங்கவில்லை. அதற்குக் கீழே எழுதினாள்: வெட்டும்போது இரண்டு விட வேண்டும்.

இப்போது வடைக்கடையில் அது நினைவுக்கு வந்தது.

"வனேசா, இந்த எடத்துல ரெண்டு விடணுமா?"

வனேசா மேசையைத் தட்டினாள். "அதான்! கரெக்ட் க்கா. அந்த ரெண்டையும் விடணும். இதத்தானே காலையிலேருந்து கத்திக்கிட்டிருக்கேன்."

சீதாலெட்சுமிக்கு நெஞ்சு லேசானது. லோகன் சொன்னதும் வனேசா சொல்வதும் ஒன்றாக இருக்கிறது. எங்கேயோ ஓரிடத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு வடை வாங்கி இருவரும் பிட்டுத் தின்றார்கள்.

பேசில் சாரின் அறை மூன்றாம் மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறிப் போய் உட்கார்ந்தபோது குதிகால் விண்விண் என்றது. சாருக்கு ஐம்பது வயதிருக்கும், சாலாக் செலாத்தான்காரர். தமிழிலேயே பதில் சொல்லலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். மேசைமேல் மரம். எண்களின்மேல் மடித்த சின்னச் சின்னத் துண்டுக் காகிதங்கள்.

"பதட்டப்படாதீங்க, சீதாலெட்சுமி. இடது பக்கத்துலேருந்து ஆரம்பிங்க. தேவைன்னு தோணறத மட்டும் தெறங்க. தேவையில்லாம தெறந்தா மார்க் கொறையும்."

முதல் கிளை: பன்னிரண்டு, பதினைந்து, இருபது. "பன்னெண்டு சார்." அவர் குறித்துக்கொண்டார். இரண்டாம் கிளையில் முதல் காகிதத்தை எடுத்தாள். ஒன்பது.

"இங்க வெட்டணும் சார்."

"குட். எப்படி?"

"ரெண்டு விடணும்."

"வெரி குட்" என்று சார் பேனாவைத் தாளில் வைத்துக் குறி போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவள் இரண்டு காகிதங்களையும் திறந்து வைத்திருந்தாள். இருபத்தைந்து, மூன்று.

"விடணும்னு சொன்னீங்களே?"

"ஆமா சார். விட்டுட்டேன்."

"தெறந்துட்டீங்களே!"

"வெட்டாம விட்டா பாக்கணும்ல சார்? விட்டது மரத்துலதானே இருக்கு."

பேசில் சார் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு சொல்லிக்குடுத்தது இது?"

அவள் சொன்னாள். குலை, கீழே இரண்டு மட்டை, மரம் இளைப்பது, மண்டோர் கத்துவது, எல்லாவற்றையும் சொன்னாள். சார் முழுவதையும் கேட்டார். செம்பனை மரத்தை அவர் நெடுஞ்சாலையில் காருக்குள்ளிருந்து பார்த்ததோடு சரி. நடுவில் ஒருமுறை, "ரெண்டுதானா? மூணு விட்டா?" என்று கேட்டார். வயசான மரத்துக்கு அது வேறு கணக்கு என்றாள்.

பிறகு அவர் பேனாவை அவளிடம் நீட்டினார். "சரி. அந்த ரெண்டு நம்பரையும் அடிச்சிட்டு உங்களுக்குப் பிடிச்சத எழுதுங்க. எது வேணும்னாலும். மேல வர்ற பதில் மாறுதான்னு பாருங்க."

மூன்றாம் கிளையையும் திறந்து காட்டினார். பதினான்கு, பதின்மூன்று, பத்து. அங்கே பத்துதான் கிடைக்கும். ஆக மேலே பன்னிரண்டு.

அவள் நடுக்கிளையில் நூறும் நூறும் எழுதினாள். எதிராளி ஒன்பதைத்தான் கொடுப்பான். மேலே பன்னிரண்டு. ஒன்றும் ஒன்றும் எழுதினாள். இப்போது அவன் ஒன்றைக் கொடுப்பான். மேலே பன்னிரண்டு. பத்தும் பதினொன்றும். பன்னிரண்டு.

"மைனஸ் போடலாமா சார்?"

"போடுங்க."

மைனஸ் ஐம்பது போட்டாள். பன்னிரண்டு. ஒரு லட்சம் போட்டாள். அடித்து அடித்து அந்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. சார் வேறு தாள் கொடுத்தார். ஏதோ ஓர் எண் இருக்கத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை எண்களில் ஒன்றுகூடவா இல்லாமல் போகும்? சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் போயிருந்தது.

பேனாவைக் கீழே வைத்தாள். "மாறல சார்."

"ஏன் மாறல?"

"அவன் கையில ஒம்பது இருக்கு."

சார் முன்னால் சாய்ந்தார். "சரி. அப்புறம்?"

அப்புறம் என்ன என்று அவளும் யோசித்தாள். ஒன்பது அவன் கையில் இருக்கிறது. பன்னிரண்டு தன் கையில் இருக்கிறது. இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு சொல் வர வேண்டும். நாக்கு வரை வந்தது போலிருந்தது. பெல்ட்டில் வேகமாகப் போகும் மூடி மாதிரி, பார்த்தோமா இல்லையா என்பதற்குள் போய்விட்டது.

"அப்புறம் தெரியல சார்."

"பன்னெண்டு, அதான் நமக்கு உறுதியான அளவு. ஒம்பது, அதுக்கு மேல அவன் நமக்குத் தர மாட்டான். இதுல ஆல்ஃபா எது, பீட்டா எது?"

"ஒம்பது ஆல்ஃபா."

அவர் பேனா நகர்ந்த விதத்திலிருந்து தப்பு என்று தெரிந்தது.

இரண்டாவது மரம் வந்தது. முதல் கிளையில் குறைந்தது எட்டு. நடுக்கிளையில் முதல் எண் ஐந்து. அவள் கை தானாக அடுத்த காகிதத்துக்குப் போயிற்று. விரல் நுனி காகிதத்தைத் தொட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டியாச்சு சார்."

"பாக்க வேணாமா?"

"வேணும் சார். ஆனா பாக்கல."

அவர் குறித்துக்கொண்டார். மூன்றாம் கிளையில் மூன்றையும் திறந்தாள்; அதற்கு அங்கே தேவை இருந்தது. பதில் எட்டு. எழுந்திருக்கும்போது, "அந்த ரெண்டுல என்னா இருக்குன்னு இப்ப பாக்கலாமா சார்?" என்று கேட்டாள். அடுத்த மாணவன் கதவைத் தட்டினான். சார் தாளைச் சுருட்டி இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்.

கீழே வனேசா காத்திருந்தாள். "எப்படி க்கா?"

"தெரியல. பன்னெண்டு மாறவே மாட்டேங்குது."

"அதான் க்கா பாயிண்டே!"

"ஆமாவா?" என்றாள் சீதாலெட்சுமி. கோமுட்டர் ரயிலில் கிள்ளான் வரும்வரை நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடமில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பாசாருக்குப் போய் மீனும் கீரையும் வாங்கி வந்தாள். பத்து மணிக்குக் குழம்பு வைத்தாள். லோகன் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றினான். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்குக் கைப்பேசியில் கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. வெட்டுமிடங்கள் முப்பத்தெட்டு, விளக்கம் பதின்மூன்று, மொத்தம் ஐம்பத்தொன்று. தேர்ச்சிக்கு ஐம்பது. அவள் இரண்டு முறை படித்தாள். வனேசாவைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. லோகன் தூங்கிக்கொண்டிருந்தான், எழுந்ததும் சொன்னாள். அவன் கை கொடுத்தான். நான்கு மணிக்குச் சூப்பர்வைசருக்குத் தகவலின் படத்தை அனுப்பினாள். மேல்மாடி இடத்தைப் பற்றி நாளைக்கு அலுவலகத்தில் பேசலாம் என்று பதில் வந்தது. ஐந்து மணிக்கு மழை பெய்தது. துணிகளை உள்ளே எடுத்துப்போட்டாள். திங்கட்கிழமைக்கு வேண்டிய சீருடையைத் தேய்த்து மாட்டினாள்.