சாவி இல்லாத வண்டிக்குப் பழைய ரேட்

வண்டி ஸ்டாண்டில் பாஸ் எழுதுகிறவனுக்கு ஆட்களின் பெயர் நினைவிருக்காது, வண்டி நம்பர்தான் நினைவிருக்கும். கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒன்பது வருஷம் அந்த வேலை பார்த்தேன். சுனாமி வந்துபோன நாலாம் வருஷம், மாசப் பாஸ் அறுபதிலிருந்து நூறு ரூபாய் ஆனது. ஏற்றியவர் முதலாளி, ஏச்சு வாங்கியவன் நான். யாரோ ஏற்றிய விலைக்கு நீங்களும் எங்காவது பதில் சொல்லியிருப்பீர்கள், என் பாடு புரியும்.

இருபத்து மூன்று கையெழுத்து

முதல் ஆட்சேபணை லேப் சாருடையது. தினமும் வண்டியை எங்களிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் அண்ணாமலை நகர் யுனிவர்சிட்டி லேபுக்கு வேலைக்குப் போகிறவர். மறுநாளே ஒரு மனுவோடு வந்துவிட்டார். கீழே இருபத்து மூன்று பேர் கையெழுத்து. மேலே நாலு காரணம், அதில் மூன்றாவது கூரை ஒழுகுவது. அது உண்மைதான், என் தலையிலும்தான் ஒழுகியது.

முதலாளி வரும்போது அவரிடமே கொடுங்கள் என்றேன். சாரின் கோபம் அடங்கவில்லை. "எட்டு வருஷமா என் வண்டி அதே நீளம், அதே அகலம். அது வளரவேயில்ல, வாடகை மட்டும் எதுக்குய்யா வளருது?"

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

செம்மங்குப்பம் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் குமார் வேறு ரகம். என்னை மாமா என்பான், சண்டையையும் சிரித்துக்கொண்டே போடுவான். "ஞாயித்துக்கெழம நானும் வீட்ல, வண்டியும் வீட்ல. அந்த நாலு நாளக் கழிச்சிட்டு எழுது மாமா!"

ரஹீமாவின் வண்டி

எங்கள் ஸ்டாண்டில் பாஸ் வண்டிக்கு ஹேண்டில் லாக் போடக்கூடாது. நெருக்கி நகர்த்தினால்தான் இடம் வரும். ரஹீமாவின் புருஷன் சவுதிக்குப் புறப்பட்ட அவசரத்தில், பழக்கதோஷத்தில் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையோடு கொண்டுபோய்விட்டார். அவர்கள் சந்தில் வண்டி நுழையாது. ரெண்டு வருஷமாக, வாசல் பக்கம் நல்ல இடத்தை அடைத்துக்கொண்டு அது நின்றது. மாசாமாசம் ரஹீமா துணி தைத்த காசில் பாஸ் போட்டு, சீட்டையும் துடைத்துவிட்டுப் போவாள்.

நூறு ரூபாய் என்றதும் முகம் வாடிவிட்டது. அஞ்சாம் தேதிக்குள் கட்டாவிட்டால் வண்டியை வெளியே எடுக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. பூட்டை உடைத்து விற்றுவிடு தங்கச்சி என்றேன். சொன்ன நாக்கை அப்போதே கடித்துக்கொள்ளத் தோன்றியது. "வித்துட்டா, மச்சான் வந்து எங்க நிக்குதுன்னு கேப்பாரேண்ணே. நான் எதக் காட்டுறது?"

அஞ்சாம் தேதி

அன்று காலை முதலாளியே வந்தார். லேப் சார் மனுவை நீட்டினார், குமாரும் மற்றவர்களும் பின்னால் நின்றார்கள். "இஷ்டம் இருந்தா கட்டுங்க, இல்லன்னா எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, முதலாளி ரஹீமாவின் வண்டியைக் காட்டினார். "இத நாலு பேரு தூக்கி ரோட்ல வைங்க."

ஒருத்தரும் அசையவில்லை. நானும்தான். குமார் போய் அந்த வண்டிமேல் உட்கார்ந்துகொண்டான். லேப் சார் மனுவைத் திரும்ப வாங்கி நாலு காரணத்தையும் அடித்துவிட்டு, ஒரே வரி எழுதினார்: நாங்கள் நூறு தருகிறோம், இந்த வண்டிக்குப் பழைய ரேட், இதே இடம். இருபத்து மூன்று வண்டியா, ஒரு வண்டியா என்று முதலாளி யோசித்தார். பிறகு தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பாஸ் புக்கைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். சார் நூறை வைத்துவிட்டு உறுமினார். "நான் ஒத்துக்கிட்டேன்னு நெனைக்காத. ஆட்சேபணை அப்படியேதான் இருக்கு!"

சாவி வந்தது

எட்டு மாசம் கழித்து ரஹீமா ஒரு மனிதரோடு வந்தாள். வெயிலில் கறுத்து, பாதி நரைத்திருந்தார். சாவியைப் போட்டார். துரு பிடித்திருந்த பூட்டு முனகிக்கொண்டே திறந்தது. ரஹீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் நேராக என் மேஜைக்கு வந்து நூறு ரூபாயை வைத்தார். "புது ரேட்டுலயே எழுதுங்கண்ணே. இனிமே நான் எங்கயும் போறதில்ல."

ஏற்றிய வாடகையை ஒருவர் சிரித்த முகத்தோடு கட்டியது என் ஒன்பது வருஷ சர்வீஸில் அந்த ஒரு தடவைதான்.