தார்ஹெலியாவின் அரசாங்க ஆர்டர்

தார்ஹெலியா மொபொசித்தாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் பெலிலேயோ மலைப்பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நாய் குரைத்தால் பயம். எரிமலை உறுமினால் பயம், உறுமாமல் இருந்தால் அதைவிடப் பயம். கரண்ட் கணக்கெடுக்க வருகிறவன் குரல் கேட்டால்கூட உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்படிப்பட்டவள் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போடக் கிளம்பினாள் என்றால், அதைவிடப் பெரிய பயம் ஏதோ அவளைத் துரத்தியிருக்க வேண்டும்.

துரத்தியது ஜீன்ஸ் பட்டறை. அவள் புருஷன் ஸ்பெயினுக்குத் தக்காளி பறிக்கப் போனான். இரண்டு வருஷம் போன் வந்தது, பிறகு அந்த நம்பரே இல்லை என்றார்கள். அன்றிலிருந்து பதினோரு வருஷம், துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு ஜிப் தைத்தாள். அந்த முதலாளி கழிப்பறைச் சாவியைத் தன் மேசையில் வைத்திருப்பான். சாவியைக் கொடுக்கும்போது ஒருதரம் கடிகாரத்தைப் பார்ப்பான், வாங்கும்போது ஒருதரம் பார்ப்பான். அதை விட்டு வந்து வீட்டிலேயே தைத்தாள், ஆனால் வரும்படி போதவில்லை. "பிச்சை எடுத்தாலும் எடுப்பேன், அங்க திரும்பிப் போகமாட்டேன்க்கா" என்று என்னிடம் அழுவாள். அவள் வீட்டுக்குப் பின்னால்தான் என் வீடு. நடுவில் ஒரு மண்சுவர், அவ்வளவுதான்.

அந்த வருஷம் அரசாங்கத்திடமிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. பள்ளிச் சீருடைகளைப் பெரிய கம்பெனிகளிடம் வாங்கப் போவதில்லை, வட்டாரத்துச் சின்னத் தையல்காரர்களிடமே வாங்குவார்கள் என்று. ஏலம் கிடையாது, விலை எல்லாருக்கும் ஒன்றுதான். யாரிடம் எத்தனை மெஷின் என்று பார்த்துப் பங்கு பிரிப்பார்கள். வரி எண், கைவினைஞர் அட்டை, கரண்ட் ரசீது என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் தார்ஹெலியாவை நான்தான் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். எல்லாம் சேர்ந்தது. கடைசியில் ஒரு நிபந்தனை வழியை மறித்தது. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் பட்டறைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது, அவளிடம் இல்லை.

அவளிடமும் இருப்பதாக எழுதுவதைப் பொய் என்றே நாங்கள் நினைக்கவில்லை. எங்கள் சந்தில் ஒரு மெஷின் ரிப்பேர் ஆகிற அன்றைக்கு மட்டும்தான் அது வாங்கினவளுக்குச் சொந்தம். மற்ற நாளெல்லாம் வேலை இருக்கிறவளுக்கு. ஒன்பது வருஷமாக அவள் துணிக்கு என் ஓவர்லாக்கில்தான் ஓரம் அடித்தாள். என் துணிக்குக் காஜா அவள் வீட்டில். அதனால் பேனாவை அவள் கையில் நானே திணித்தேன்.

"நாளைக்குக் கேட்டா என்னக்கா சொல்றது?"

"கேட்டா காட்டுவோம். காட்டிட்டா முடிஞ்சுது."

"அது உன்னோடதாச்சே."

"நீ அதுல தைக்கலையா? தைக்கிறவளுக்குத்தான் மெஷின். எழுதுடி."

ஓவர்லாக் ஒன்று என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

சோதனைக்கு ஒரு சின்னப்பெண் வந்தாள், இன்ஜினியர். வெள்ளை பிக்கப் வண்டி. முதலில் என் வீடு. எல்லா மெஷினையும் நம்பர் தகடு தெரிகிற மாதிரி போனில் படம் பிடித்தாள். அவித்த சோளம் வைத்தேன், தொடவில்லை. வெல்லத் தண்ணீர் கொடுத்தேன், அதையும் குடிக்கவில்லை.

என் வாசலில் வண்டி ஏறினால் கோயிலைச் சுற்றிக்கொண்டுதான் தார்ஹெலியாவின் வாசலுக்கு வர முடியும். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் ஓவர்லாக்கின் தலையைக் கழற்றினோம். ஒரு முனையை நான், ஒரு முனையை அவள் பிடித்துச் சுவர் மேல் ஏற்றினோம். அவள் அந்தப் பக்கம் குதித்து நெஞ்சோடு வாங்கிக்கொண்டாள். இன்ஜினியர் உள்ளே வந்தபோது அவள் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சுவருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கை ஏம்மா இப்படி நடுங்குது?"

"எனக்கு எப்பவும் நடுங்கும் இன்ஜினியரம்மா."

அது உண்மைதான். அந்தப் பெண் குனிந்து மெஷினின் நம்பர் தகட்டையும் ஒரு படம் எடுத்தாள். சுவர் விரிசல் வழியாக அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஆளுக்கு முந்நூற்றுப் பத்து செட் கிடைத்தது. நாற்பத்தைந்து நாள் கெடு. நான் கையெழுத்துப் போட்ட கையோடு துணி வெட்ட உட்கார்ந்தேன். தார்ஹெலியா ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, விரலை வைத்து வைத்து மூன்று நாள் படித்தாள். மூன்றாம் நாள் சுவருக்கு மேல் அவள் தலை தெரிந்தது.

"அக்கா, பதினாலாம் பக்கம் படிச்சியா?"

"நான் கையெழுத்துப் போட்ட இடத்தைத் தவிர எதையும் படிக்கல."

"பொய்யா எழுதினது தெரிஞ்சா ஆர்டர் ரத்தாம். அஞ்சு வருஷம் கருப்புப் பட்டியலாம்." குரலைத் தாழ்த்தினாள். "உதவி செஞ்சவங்களுக்கும் அதேதானாம்."

அவளைத் திட்டினேன். அவள் தலை மறைந்ததும் என் காகிதத்தில் பதினாலாம் பக்கத்தைப் புரட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டிலும் நிம்மதி இல்லை. வெள்ளை வண்டி எது போனாலும் அவள் மெஷின் நின்றுவிடும். சத்தம் நின்றால் என்ன ஆயிற்றோ என்று நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒருநாள் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாமளே போய்ச் சொல்லிடலாம்க்கா. மன்னிச்சிருவாங்க."

"மன்னிக்கிறதுக்கு அவங்க என்ன உன் மாமியாரா? சொன்னா ரெண்டு பேரும் தெருவுல நிக்கணும். வாயை மூடிக்கிட்டுத் தை."

அவளுக்கு அலுவலகத்தின் மேல் பயம். எனக்கு அவள் வாயின் மேல் பயம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளுக்கு அடுத்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய எழுந்தால் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடலாம் என்று. கடவுளிடம் சொல்வதைக்கூடத் தடுக்கப் பார்த்தேன், அந்த அளவுக்குப் போய்விட்டேன்.

பத்தொன்பதாம் நாள் போன் வந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் வர வேண்டும், ஓவர்லாக் மெஷின் பற்றி விளக்கம் தேவை என்றார்கள்.

பஸ்ஸில் அவள் என் கையை விடவே இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'மெஷின் என்னோடது. இவ எப்ப எடுத்தான்னு எனக்குத் தெரியாது.' ஒளிக்காமல் சொல்கிறேன், அதைத்தான் சொல்வதாக இருந்தேன். என் இரண்டு பெண்களும் படிக்கிறார்கள், அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று நியாயமும் சேர்த்துக்கொண்டேன். பத்து தடவை சொல்லிப் பார்த்ததில் அது நிஜம் மாதிரியே ஆகிவிட்டது.

இன்ஜினியர் இரண்டு படங்களை மேசையில் வைத்தாள். இரண்டிலும் ஒரே தகடு, ஒரே நம்பர், தகட்டு மூலையில் ஒரே துரு.

"கம்ப்யூட்டர் ஒரே நம்பரை ரெண்டு பட்டறைக்கு ஏத்துக்க மாட்டேங்குது. மெஷின் யாரோடது?"

பஸ்ஸில் பார்த்த அத்தனை ஒத்திகையும் போயே போயிற்று. பக்கத்தில் தார்ஹெலியா பேச ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"இதோ, இந்த எடெல்மிரா அக்காவோடது. உங்களை வழியனுப்ப அவங்க வாசலுக்குப் போனாங்க. நான் சுவரேறிக் குதிச்சு எடுத்துட்டேன். திருப்பி வச்சதும் நான்தான். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

இன்ஜினியர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். தார்ஹெலியா என் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள். அந்த மெஷின் தலை முப்பது கிலோ.

"ஒருத்தியா தூக்கினீங்க?"

"ஆமா."

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினாள். "அப்படியாம்மா?"

அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நான் உண்மையைச் சொல்ல இன்னொரு தடவை இடம் கொடுக்கிறாள் என்பதும் புரிந்தது.

"ஆமா" என்றேன்.

தார்ஹெலியா ஐந்து வருஷக் கருப்புப் பட்டியல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய முந்நூற்றுப் பத்து செட் பங்கு தகுதி பெற்ற அடுத்த பட்டறைக்குப் போகும் என்றார்கள். அந்தப் பட்டறை என்னுடையதுதான். நானும் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. சாலசாக்கா ஊர் தாண்டியதும் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அறுநூத்து இருபது செட்டை நீ ஒருத்தி எப்படிக்கா தைப்ப? கெடு தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் அபராதம்னு பத்தாம் பக்கத்துல போட்டிருக்கு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாளைலேர்ந்து நான் வரேன். ஜீன்ஸ் பட்டறைக்கு மட்டும் என்னைப் போக விட்டுடாத." கொஞ்சம் தயங்கினாள். "துண்டுக்கு எவ்வளவு குடுப்ப?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒரு விலை சொன்னேன்.