வெள்ளிக்கிழமைகளில் மறைந்த புள்ளி

பெல்மதுளைச் சந்தியில் இரத்தினபுரி பஸ்ஸுக்காக நின்றபோது பரமேஸ் அக்காவின் தங்கை செல்வி போனில் அழைத்தாள். "அக்கா போயிட்டாங்க அண்ணே. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்வளவுதான்." பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

உங்களில் பலருக்கு அவர் கலாநிதி பரமேஸ்வரி. நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து பௌதிகம் படித்தவர். அவருடைய ஆய்வுகூடத்தில் ஒன்பது வருடமாகக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்களை இரத்தக் குழாயில் ஓடவிட்டு, அவை போகுமிடத்தைக் காந்தத்தால் படமாக்குவதுதான் எங்கள் வேலை. அந்தப் படத்தில் எலும்பும் சதையும் விழாது, துகள் மட்டுமே விழும்.

அவருடைய அண்ணன் மலையில் வேலை செய்யும்போது மயங்கி விழுந்தார். மூளையில் இரத்தம் கசிகிறதா, அடைத்துக்கொண்டதா என்று தெரிவதற்குள், ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. "கட்டிலுக்குப் பக்கத்துல வைக்கிற மாதிரி ஒரு மெஷின் தம்பி. நோயாளி ஓடக்கூடாது, மெஷின்தான் ஓடணும்" என்பார். அவருக்கு வேறு ஆசையே கிடையாது. அவருக்குச் சேலை எடுக்கக்கூடச் செல்விதான் கடைக்குப் போவாள்.

ஒருநாள், மாதிரிக் குழாயில் நாங்களே வைத்த கசிவு படத்தில் பளிச்சென்று புள்ளியாக விழுந்தது. திரும்பத் திரும்பச் செய்தோம், விழுந்தது. வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்கு அனுப்பினோம். பெரிய கருவி செய்ய உதவுவதாக அங்கிருந்து பதிலும் வந்தது. நாங்கள் லட்டு வாங்கித் தின்றோம்.

அவர் மட்டும் பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைப் படங்களில் புள்ளி இல்லை. "கசிவுக்கும் வெள்ளிக்கிழமை விரதமா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கருவிக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிய என் சோற்றுப் பையைப் பார்த்தார்.

"தம்பி, இன்னைக்கு என்ன கறி?"

"நெத்தலிக் குழம்புங்க."

கவிச்சிச் சோறு கட்டினால் காத்துக் கறுப்பு அண்டக்கூடாதென்று என் அம்மா பையடியில் ஓர் இரும்பு ஆணி போட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை மரக்கறி, ஆணி கிடையாது. சாவி, கைக்கடிகாரமெல்லாம் வெளியே வைக்கச் சொல்லி வாசலில் மற்றவர்களை அதட்டுகிற நானே, வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் இரும்பை உள்ளே கொண்டுபோயிருக்கிறேன். புள்ளியாக விழுந்தது கசிவல்ல, அந்த இரும்புதான்.

அன்றே ஆய்வு முடிவைத் திரும்பப் பெற்று மாநாட்டுக்குக் கடிதம் எழுதினார். "என் கவனக்குறைவு" என்று ஒரே வரி. என் பேர் அதில் இல்லை. வரவிருந்த உதவியும் போயிற்று. நான் அழுதபோது, "அம்மாகிட்ட சொல்லிராதீங்க, மனசு ஒடஞ்சிருவாங்க. நம்ம ஊர்ல ஆணி போடாம யாரு கவிச்சி குடுத்து விடுவா?" என்றார்.

பிறகு நான்கு வருடம், பழைய கருவியிலேயே முதலிலிருந்து தொடங்கினோம். போன மாதம்தான் உண்மையான புள்ளி விழுந்தது. சின்னது, மங்கலானது. வெள்ளிக்கிழமையும் தெரிந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலருகே வைக்கும் மெஷினுக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.

செத்தவீட்டில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா அன்னைக்குக் கவனமா இருந்திருந்தா மெஷினை முடிச்சிட்டுப் போயிருப்பாங்கன்னு பேசிக்கிறாங்க அண்ணே." பெட்டியின் கால்மாட்டில் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் என்னைத் தின்கிறது.

அன்று அவர் என் பையிலிருந்து எடுத்துக் காகிதத்தில் மடித்துத் திருப்பித் தந்ததை இன்னும் வைத்திருக்கிறேன். இதை எழுதும் மேசையில்தான் கிடக்கிறது. செல்வி, உன் அக்கா எந்தத் தவறும் செய்யவில்லை. அந்த ஆணி என்னுடையது.