வாய் பார்க்கிற டீச்சர்

இலங்கையில், கஹவத்தைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பஞ்சவர்ணம் டீச்சர் எங்கே என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'வாய் பார்க்கிற டீச்சர்' என்றால் போதும், நண்டு சிண்டுகூடப் பள்ளிக்கூடம் வரை கூட்டிக்கொண்டு போய்விடும். காலையில் மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். "ஆ காட்டு" என்பார். நாக்கின் அடி, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பல் டாக்டர் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் பார்த்து ஏமாந்த கிறுக்கு என்று லயத்து வரிசை வீடுகளில் கதை கட்டினார்கள். கட்டினவர்கள் நாக்கில் புண் வர! நடந்தது வேறு.

எழுபத்து நாலாம் வருஷம். மாவு இல்லை. கூப்பன் அரிசி குறைந்துபோனது. பாண் ரொட்டி வாங்க விடியுமுன்னே கடை வாசலில் கூட்டம். தோட்டத்தில் ஓயாமல் வேலை இருந்தது குழி வெட்டுகிறவர்களுக்கு மட்டும்தான்.

அப்போது டீச்சர் வெறும் பஞ்சவர்ணம், சின்னப் பெண். அதனால் 'அவள்' என்றே சொல்லிவிடுகிறேன். எட்டாவது தேறியவள். அப்பா இல்லை. அம்மா சின்னத்தாய் பார்வை மங்கிய கண்ணோடு ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்த வாத்தியார் இந்தியாவுக்குக் கப்பலேற, அந்த இடத்தில் பஞ்சவர்ணத்தைத் தற்காலிகமாகப் போட்டார்கள். நிரந்தரம் ஆக வேண்டுமானால் ஒரு வழி இருந்தது. சனிக்கிழமைகளில் இரத்தினபுரிக்கு பஸ்ஸில் போய்க் கற்பிக்கும் முறையைப் படிக்க வேண்டும், மற்ற நாளில் அதையே தன் வகுப்பில் செய்து பழக வேண்டும். கடைசியில் ஒரு அதிகாரி அவள் வகுப்புக்கே வந்து உட்கார்ந்து ஒரு பாடம் பார்ப்பார். அந்த ஒரு பாடத்தில்தான் எல்லாம்.

"தேறலேன்னா பால் கத்திய எடுத்துக்கிட்டுப் பேரட்டுக்கு வந்துரு" என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். பேரட்டு என்றால் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். சின்னத்தாயோ, "நீ தேறிட்டா அன்னைக்கே இந்தக் கத்திய ஓடையில வீசிருவேன்டி" என்றாள். சொல்லும்போது அவள் கை மரத்தைத் தடவுகிற மாதிரியே காற்றைத் தடவியது.

இரத்தினபுரி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்றுதான். புத்தகத்தைக் காட்டாதே, பொருளைக் காட்டு. பிள்ளையின் கைக்கு எட்டுகிற பொருளாக இருக்கட்டும். பஞ்சவர்ணத்துக்கு வாய்த்தது அரை, கால் கணக்கு. தோடம்பழத்தை, அதுதான் ஆரஞ்சை, வெட்டிக் காட்டச் சொல்வார்கள். அந்தப் பஞ்சத்தில் தோடம்பழத்துக்கு எங்கே போவது? ஆவணி கழிந்த நேரம், ரப்பர் காய் வெடித்துக் கூரையில் கொட்டை விழுகிற சத்தம் பட் பட்டென்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்து ஓட்டை உடைத்தாள். உள்ளே இருந்த வெள்ளைப் பருப்பு தானாகவே இரண்டு சரிபாதியாகப் பிளந்தது. அட, இதைவிட நல்ல அரை எங்கே கிடைக்கும்! அம்மாவும் மகளும் உட்கார்ந்து ஒரு சுளகு நிறைய உடைத்தார்கள்.

பச்சை ரப்பர் கொட்டை நஞ்சு. அது தோட்டத்தில் யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் பசி வந்தால் பத்தும் பறக்கும் என்கிறார்களே, அந்த வருஷம் பயமும் பறந்தது. பருப்பை ஊறவைத்து, அவித்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டி, உப்புப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகள் புரிந்துகொண்டது இதுதான்: கறுப்பு ஓட்டோடு இருந்தால் விளையாட, ஓடு நீக்கி வெள்ளையாக இருந்தால் தின்ன. பஞ்சவர்ணம் வீட்டிலும் அப்படித்தான் தின்றார்கள். இருந்தும் அன்றைக்கு அந்தப் பாவிப் பெண் கண்ணுக்குச் சுளகில் இருந்த பச்சைப் பருப்புகள் அரையாகவும் காலாகவும் மட்டுமே தெரிந்தன.

அதிகாரி புவாட் சேர் பஸ்ஸை விட்டிறங்கி, சேற்றில் நடந்து வந்தார். நல்ல மனுஷன். வீட்டில் சீனி இருக்காது என்று தெரிந்து தேத்தண்ணி வேண்டாம் என்றார். கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். பின்னால் இருந்த பிள்ளைகள் அவருக்குப் பயந்து மூச்சுக்கூட விடவில்லை. ஆளுக்கொரு வாழையிலைத் துண்டு, அதில் பருப்பு. பாடம் எண்ணெய் போட்ட சக்கரமாக ஓடியது.

முன் வரிசையில், பால் வெட்டுகிற கருப்பாயியின் மகள் செவனம்மா. அவள் இலை காலியாக இருந்தது. பக்கத்துப் பிள்ளையின் இலையும் காலி. இரண்டையும் அவளே அள்ளிப் போட்டுக் கன்னம் உப்பியிருந்தது. பஞ்சவர்ணம் பார்த்தாள். பிள்ளையும் பார்த்தது. பார்த்துக்கொண்டே அவசரமாக விழுங்கியது.

"துப்புடி." இந்த ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. சொன்னால் சேர் என்னவென்று கேட்பார். நஞ்சையா பிள்ளைகள் கையில் கொடுத்தாய் என்பார். அதோடு முடிந்தது, நாளைக்குப் பேரட்டு. கால் கணக்குத்தான் பாக்கி. முடித்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். நாலு பருப்பு என்ன செய்துவிடும்? இப்படி நினைத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.

மறுபடி பார்த்தபோது செவனம்மா பக்கத்துப் பிள்ளையின் தோளில் சாய்ந்திருந்தாள். பஞ்சவர்ணத்தின் குரல் தடுமாறியது. புவாட் சேர் கண்டுவிட்டு மெல்லச் சொன்னார்: "அது தூங்கட்டும் டீச்சர். எழுப்ப வேணாம். பசிதானே."

அவள் எழுப்பவில்லை.

"நான் பார்த்ததிலயே நல்ல பாடம். வகுப்பு என்ன அமைதி! நீங்க தேறிட்டீங்க" என்றார் அவர். அவர் படியிறங்கினதும் பஞ்சவர்ணம் பிள்ளையை அள்ளிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள். வாயில் நுரை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற புள்ளைக் காம்பரா வளைவு தாண்டும்போது அந்த இழுப்பும் நின்றுபோனது.

கருப்பாயி பால் வாளியோடு ஓடி வந்தாள். வாளியைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் கொன்னேன்! அவிச்சு அவிச்சுக் குடுத்துப் பழக்கினேனே, வழியில கெடந்தத ஒடச்சுத் தின்னுருச்சே எம்புள்ள!" எல்லோரும் அதையே நம்பினார்கள். பஞ்சவர்ணம் வாய் திறக்கவில்லை. மிச்சப் பருப்பை அடுப்பில் கொட்டி எரித்தாள். சின்னத்தாய் சொன்னபடியே கத்தியை ஓடையில் வீசினாள். மறுநாளிலிருந்துதான் இந்த வாய் பார்க்கிற வேலை.

பிறகு பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வருகிற அதிகாரியெல்லாம், பிள்ளைகளின் சுத்தத்தில் இவ்வளவு அக்கறை வேறு எங்கும் பார்த்ததில்லை என்று டீச்சரைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்த நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது.

எழுபத்து ஒன்பது தை மாதம் கருப்பாயி இளைய மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "இவளும் அவ அக்கா மாதிரிதாங்க, கண்டதயும் வாயில போடுவா. நீங்க வாய் பாக்குறீங்களே, அந்தத் தைரியத்துலதான் விட்டுட்டுப் போறேன்."

டீச்சருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அக்கா, செவனம்மா வழியில பொறுக்கித் தின்னல. நான் குடுத்த பருப்பு. தின்னத நான் பாத்தேன். பாடம் முடியட்டும்னு சும்மா இருந்துட்டேன். நான்தான் அக்கா."

கருப்பாயி அவரையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"எம் மனசத் தேத்தணும்னு இப்படியெல்லாம் சொல்றீங்களே, சாமி. எம்பாவத்த நீங்க ஏங்க சொமக்கணும்? அன்னைக்கு அவளத் தூக்கிக்கிட்டு ஓடுன கைங்க இது."

"இல்லக்கா, நெசமாத்தான்…"

"போதுங்க. பேரட்டுக்கு நேரமாச்சு." அவள் போய்விட்டாள்.

சின்னவள் வரிசைக்குப் போய் நின்றாள். யாரும் சொல்லாமலே முகத்தை நிமிர்த்தி, வாயை அகலத் திறந்து காட்டினாள். டீச்சர் பார்க்கவே இல்லை. அவர் அழுதுகொண்டிருந்தார். பிள்ளை வாயை மூடாமல் அப்படியே நின்றது.